வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு வாடகை வீடு: இரண்டு கச்சான் காற்றுக்காலம் பார்த்த பிறகு

வீடு பார்க்கப் போன அன்று மாமி செய்த முதல் வேலை, யன்னல் கிறிலில் விரலை வைத்து ஒரு இழுவை இழுத்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்ததுதான். வீட்டுக்கார ஐயாவும் புறோக்கரும் பக்கத்தில் நிற்கிறார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. மாமி அதைப் பற்றி யோசிக்கவில்லை. "சூரியன் எந்தப் பக்கம் விழுறது?" என்று கேட்டா. ஐயா கடலைக் காட்டினார். மாமி என் பக்கம் திரும்பி, "பிள்ளை, இது வாடைக்கு நல்ல வீடு. கச்சானுக்குத்தான் யோசிக்கோணும்" என்றா. வாடை வடகிழக்குக் காற்று, கச்சான் மேற்குக் காற்று.

அது 2023 ஜனவரி. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. இவர், என் கணவர், அந்த இடத்திலேயே மனத்துக்குள் வீட்டை எடுத்துவிட்டார். மாமி பருத்தித்துறைக்காரி. அங்கே கடல் வடக்கே. வாடை அடிக்கிற கார்த்திகை, மார்கழியில்தான் கரை அதிரும். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால் அலை அடங்கிவிடும். கொழும்புக் கரை மேற்கே பார்த்தது. இங்கே மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கும். பத்து வருடம் கொழும்பில் இருந்தும் இது எங்களுக்கு உறைத்ததில்லை, ஏனென்றால் நாங்கள் இருந்தது பாமன்கடைப் பக்கம் ஒரு பிளட்டின் நாலாம் மாடியில். சுற்றிவரக் கட்டடம். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கேட்கவே வேண்டியதில்லை.

இந்த ஒழுங்கையில் இப்போது இரண்டு வருடம் முடிந்து மூன்றாவது தொடங்கியிருக்கிறது. கடலோரத்தில் வீடு தேடுகிற நம்மவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் விரும்பாததால் ஒழுங்கையின் பெயரை விட்டுவிடுகிறேன். சவோய் தியேட்டர்ப் பக்கத்துக் கால்வாய்ப் பாலத்துக்குத் தெற்கே, காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று. காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற இரைச்சல் காதைப் பிளக்கும். ஒழுங்கைக்குள் நாலு நிமிடம் நடந்தால் அந்தச் சத்தம் பின்னால் போய்விடும். முடிவில் மதில். ஒரு ஆள் போகக்கூடிய சந்து வழியாகத்தான் மெரைன் டிரைவுக்குப் போகலாம். வாகனம் ஊடறுத்துப் போக வழியில்லாததுதான் இந்த இடம் அமைதியாக இருப்பதற்கு முதல் காரணம். ஒன்பது வீடு. எங்களுடையது பழைய வீடொன்றின் மேல்தளம்: இரண்டு அறை, ஹோல், குசினி, ஒரு பாத்ரூம், மேற்கே பார்த்த சின்ன பல்கனி.

தேடிய கதையை நீட்டவில்லை. பதினொரு வீடு பார்த்தோம். ஒரு புறோக்கர் ஒவ்வொரு வீட்டையும் காட்டுவதற்கே 2,000 ரூபா வாங்கினார். கடல் தெரியும் என்று கூட்டிப்போன இடத்தில் தெரிந்தது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கி. இன்னொரு இடத்தில் எல்லாம் பேசி முடித்து, முற்பணக் காசோடு போன நாளில், சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்று சொல்லி வாடகையை 20,000 கூட்டினார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். கையில் காசை வைத்துக்கொண்டு, இருக்க ஒரு இடத்துக்கு ஒருவரிடம் கெஞ்சி நிற்பது வாடகைக்கு இருந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

இந்த வீட்டுக்கு மாதம் 80,000. ஆறு மாத முற்பணம். புறோக்கருக்கு ஒரு மாத வாடகை. கடல் காற்று என்று சொல்லித்தான் அந்த விலை கேட்டார்கள். அதே கடல் காற்றைச் சொல்லித்தான் மாமி உடன்படிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னா. எங்களுக்குக் கிடைத்த பெரிய பலன் அந்த ஒரு வரி.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், சாட்சிகளோடு எழுதவேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்ட வெறும் தாளை நம்பி லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் உடன்படிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. வரி வரியாகத் தமிழில் சொல்லும்படி நொத்தாரிசு அம்மாவிடம் கேட்டோம், அவரும் முகம் சுளிக்காமல் சொன்னார். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது "எடுத்தபடியே" கொடுக்கவேண்டும் என்ற இடம் வந்ததும் மாமி கையை உயர்த்தினா. "இரும்பு துருப்பிடிச்சா அது எங்கட பிழையோ, கடலின்ரை பிழையோ?" நொத்தாரிசு அம்மா பேனையை வைத்துவிட்டு ஐயாவைப் பார்த்தார். ஐயா கொஞ்சம் யோசித்து, "அம்மா சொல்றது சரி" என்றார். உப்புக்காற்றால் வரும் துருவும் சுவரில் உப்புப் பூப்பதும் வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு அல்ல என்று ஒரு வரி ஏறியது. அன்று பின்னேரமே மகன் ஒவ்வொரு கிறில், பூட்டு, பிணைச்சல், சுவர் மூலை எல்லாவற்றையும் படம் எடுத்து, திகதியோடு ஐயாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நாற்பத்தியேழு படங்கள்.

இன்னொரு தாளையும் சொல்லவேண்டும்: பொலிஸ் பதிவு. குடிவந்த மூன்றாம் நாள் ஐயா தானே வந்து, அடையாள அட்டைகளை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எங்களைக் கிராம சேவகரிடமும் பிறகு பொலிஸுக்கும் கூட்டிப்போனார். வேறு வீட்டுக்காரர்கள் இதைப் பிற்போடுவார்கள், அல்லது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 370 பேருக்கு மேல் பஸ்ஸில் ஏற்றப்பட்டுக் கொழும்பைவிட்டு அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாள் அதைத் தடுத்தது. நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு அறையில் இரண்டு தோழிகளோடு இருந்தேன். பொலிஸ் பதிவுத் தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு இரண்டு இரவு உடுப்பு மாற்றாமல் படுத்தோம். காலம் மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் தன் காலால் நடந்து வந்து, "இவை என்ரை வீட்டு ஆக்கள்" என்று மேசைக்கு முன்னால் நின்று சொன்னபோது என் உடம்பு தளர்ந்ததை நான் மறக்கமாட்டேன். ஒரு வீட்டுக்காரருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

ஐயா சிங்களவர். எழுபத்தெட்டு வயது. புகையிரதத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். இளம் வயதில் நாலு வருடம் காங்கேசன்துறையில் வேலை பார்த்தவர், தமிழ் அங்கே படித்தது. அந்த நாலு வருடத்தில் தின்ற மாம்பழத்தைப் பற்றி மாமியோடு ஒரு மணித்தியாலம் கதைப்பார். மாமி அவரை "மாத்தையா" என்பா, அவர் மாமியை "அம்மா" என்பார், இரண்டு பேருக்கும் ஒரே வயது. யாழ்தேவி நின்றுபோன 1990ஆம் ஆண்டையும், 2015 ஜனவரியில் ரயில் திரும்பக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்ததையும் சொந்த வீட்டு நல்லது கெட்டது போலச் சொல்வார்.

ரயில் என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் கடலோர வீடு என்றால் தண்டவாளத்தோர வீடு. வீடு, மெரைன் டிரைவ், தண்டவாளம், கருங்கல், கடல். இதுதான் வரிசை. கரையோரப் பாதையில் விடியற்காலையிலிருந்து இரவு வரை கோட்டைக்கும் பாணந்துறை, அளுத்கம, காலி, மாத்தறைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு கிழமை எங்களுக்கு நித்திரையே இல்லை. ஒவ்வொரு ரயிலுக்கும் குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். கோப்பைகளுக்கு இடையில் துணி வைத்தேன். மூன்றாம் கிழமை காது பழகிவிட்டது. இப்போது ரயில் பிந்தினால்தான் முழிப்பு வருகிறது. மகன் ஏ.எல். படிக்கிறவன். ஐயா அவனுக்குச் சத்தத்தை வைத்து ரயிலைப் பிரிக்கப் பழக்கினார்: வெள்ளவத்தையில் நிற்கப்போகிற ரயில் பாலத்தடியிலேயே மூச்சை அடக்கும், நிற்காமல் போகிற கடுகதி ஹோனை நீட்டி அடிக்கும். பாடசாலைக்குப் பம்பலப்பிட்டிவரை ஒரு தரிப்பு. ஹோன் கேட்டு இறங்கி ஓடினால் பிடிக்கமுடியாது, பல்கனியில் நின்று தெஹிவளைப் பக்கம் விளக்குத் தெரியும்போது இறங்கினால் பிடிக்கலாம். அது அவன் கணக்கு.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒன்று. கடலுக்குப் போக எல்லாரும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறார்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது, அதுவும் கச்சான் காலத்தில் சுத்தமாக விழாது. காதில் ஹெட்போனோடு அந்தப் பக்கம் நடக்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். கடலில் இறங்குவதும் வேண்டாம். கரை முழுக்கக் கருங்கல், நீரோட்டம் இழுக்கும். 2022 ஜனவரியில் இந்தக் கரைக்கு அப்பால் ஒருவர் முதலை தாக்கி இறந்த செய்தியையும் பலர் மறந்திருப்பீர்கள். எங்களுக்கு இது பார்க்கிற கடல், குளிக்கிற கடல் இல்லை.

கச்சான் வந்தது மே கடைசியில். முதல் நாள் இரவு பன்னிரண்டு மணிக்குப் பல்கனிக் கதவு துப்பாக்கி வெடித்த மாதிரி அடித்து, மேல்கண்ணாடி உடைந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் வீடு முழுக்க ஒரு மெல்லிய பிசுபிசுப்பு. கண்ணாடியில் முகம் தெரியவில்லை. ரீவித் திரையில், பிரிட்ஜ் கதவில், சாமிப் படங்களின் கண்ணாடியில் எல்லாம் அதே படலம். துடைத்தால் துணி நனைந்து வெள்ளையாகக் காயும். மாமி திரும்பவும் விரலை வைத்து நாக்கில் பார்த்தா. "சொன்னனான் எல்லே?" என்று கேட்கவில்லை. ஒரு கோப்பையில் தேங்காயெண்ணெயை ஊற்றி, பழைய பனியன் துணியை நனைத்து, ஒவ்வொரு பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் பூசத் தொடங்கினா. பருத்தித்துறையில் அவவின் தகப்பன் செய்த வேலையாம், அங்கே வாடை தொடங்குமுன் செய்வார்களாம். மாதம்தான் மாறியது, வேலை அதுவேதான்.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று அந்த நாலு மாதத்தில் நன்றாகக் கண்டேன். காற்றோடு வருகிற உப்பு இரும்பில் ஒட்டிக்கொண்டு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெயில் எறித்தாலும் இரும்பு முழுதாகக் காய்வதில்லை. அதனால் பெயின்ற் அடித்த கிறில் வெளிக்கு நன்றாகவே இருக்கும், ஒட்டுப்போட்ட மூலையில் மட்டும் ஒரு கொப்புளம் எழும்பும். நகத்தால் கிளப்பினால் உள்ளே தேயிலைத் தூள் மாதிரிக் கொட்டும். வீடு பார்க்கப் போனால் நிலைக்கதவின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கிறிலின் ஒட்டு மூலைகளைப் பாருங்கள். பிணைச்சல் பித்தளையா இரும்பா என்று பாருங்கள். ஏ.சி. இருந்தால் வெளிப்பெட்டியின் பின்பக்கத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், விரலில் நொறுங்கினால் அந்த ஏ.சி. இன்னொரு கச்சான் தாங்காது. எங்கள் பிரிட்ஜின் பின்குழாய் முதலாவது ஓகஸ்டிலேயே அரித்து வாயு போய்விட்டது. திருத்தவந்த தம்பி, கடற்கரை வீடுகளில் இது வழமை, பின்பக்கத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துக் கிழமைக்கு ஒருதரம் ஈரத்துணியால் துடைத்துப் பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள் என்று சொல்லிப்போனான். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. உடுப்பு காயாது, காய்ந்தாலும் மொரமொரப்பாக இருக்கும். எங்கள் பழைய புத்தகங்களில் பாதி பூஞ்சணம் பிடித்தது. நல்ல புத்தகங்களைக் கிழக்கு அறைக்கு மாற்றினோம். உப்புப் போத்தலுக்குள் பத்து அரிசி போட்டேன், அது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.

மேற்கு அறையைப் பற்றிப் படங்களில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். பின்னேர வெயில் முழுக்கச் சுவரில் இறங்கி, இரவு ஒன்பது மணிவரை அந்தச் சுவர் அடுப்பு மாதிரி இருக்கும். நல்ல காற்று இருக்கும்போது பரவாயில்லை. மார்ச், ஏப்ரலில் காற்றும் செத்துக் கிடக்கும், அந்த இரண்டு மாதமும் எல்லாரும் ஹோலில் பாய் போட்டுத்தான் படுப்போம்.

மின்சாரத்தில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே மீற்றர். ஐயா ஒரு உபமீற்றர் போட்டு, யூனிட் கணக்கில் பிரித்துத் தருவார், ஒரு சதம் கூட்டமாட்டார். ஆனால் வீட்டுப் பாவனைக் கட்டணம் 30, 60, 90 யூனிட் என்று படிப்படியாக ஏறுகிற கட்டணம். இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் ஒரே பில்லில் சேர்ந்தால் இரண்டு பேருமே மேல்படியில் நின்று கட்டவேண்டியதுதான். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபின் இது சின்னத் தொகை இல்லை. முதல் பில் வந்ததும் இவர் கணக்குப்போட்டு ஐயாவிடம் காட்டினார். தனி மீற்றருக்கு விண்ணப்பிக்க அவர் சம்மதித்தார். கிடைக்கும்வரை வாடகையில் மாதம் 2,500 குறைத்துக்கொண்டார். வீட்டை எடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி இது. நாங்கள் கேட்கத் தவறிவிட்டோம்.

தண்ணீர் பரவாயில்லை. பகலில் குழாயில் அழுத்தம் குறையும், இரவில் தாங்கி நிரம்பிவிடும். முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது. மாமி வாளி போட்டு அள்ளி வாயில் வைத்து, "சவர்" என்று துப்பினா. முற்றம் கழுவ, கால் கழுவ ஆகும். கிறிலைக் கழுவப் போன என்னை மாமி தடுத்தா, உப்பைக் கழுவ உப்புத்தண்ணியோ என்று. சரியான கேள்வி. அதற்குக் குழாய்த் தண்ணீர்தான்.

கால்வாயைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் வடக்கே அது கடலில் விழுகிறது. நல்ல மழைக்குப் பிறகு தேத்தண்ணி நிறத்தில் ஓடும், ஆகாயத்தாமரை மிதந்து போகும், கரையில் நாரையும் நீர்க்காகமும் நிற்கும். கபரக்கொய்யா (பெரிய நீர் உடும்பு) வெயில் காயும், ஒன்று எங்கள் ஒழுங்கைவரை நடந்து வந்து, எல்லாரும் கதவைச் சாத்தியபின் தன் பாட்டில் திரும்பிப் போனது. பெப்ரவரி, மார்ச்சில் கடல் மணலைக் கொண்டுவந்து கால்வாயின் வாயை அடைக்கும். தண்ணீர் தேங்கிக் கறுக்கும். காற்று வடக்கே இருந்து வந்தால் வீட்டுக்குள் இருக்கமுடியாது. இயந்திரம் வந்து வாயைத் திறந்துவிட்டால் இரண்டு நாளில் போய்விடும். நீங்கள் பாலத்துக்கு இன்னும் கிட்டவாக வீடு பார்க்கிறீர்கள் என்றால் கட்டாயம் மார்ச்சில் ஒருநாள் பின்னேரம் போய் நின்று பாருங்கள்.

நுளம்பும் உண்டு. ஆனால் டெங்கு நுளம்பு நல்ல தெளிந்த தண்ணீரில், பூச்சாடித் தட்டிலும் பீலியிலும்தான் முட்டை இடுகிறது, கால்வாயைக் குறை சொல்லிப் பயனில்லை. நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்த 2017ஐ அனுபவித்த பிறகு, வீடு பார்க்கும்போது நான் கூரைப் பீலியைப் பார்க்கப் பழகிவிட்டேன். இந்த வீட்டுப் பீலியில் மாவிலை அடைத்துக் கிடந்தது. ஐயா ஆளைப் பிடித்து அடுத்த நாளே எடுப்பித்தார்.

இவ்வளவையும் எழுதியபின் ஏன் இன்னும் இருக்கிறோம் என்று கேட்பீர்கள். ஒழுங்கைக்காகத்தான். இருட்டுகிற நேரம் எட்டாம் இலக்க வீட்டு முஸ்லிம் அன்ரி கதிரையை வாசலுக்குக் கொண்டுவருவார். பிறகு எதிர்வீட்டு நோனா. பிறகு மாமி. மூன்று பேருக்கும் பொதுவான மொழி முழுதாக இல்லை. மாமிக்குச் சிங்களத்தில் இருபது சொல் தெரியும். ஆனாலும் ஏழு மணிவரை கதை நடக்கும். நோன்பு மாதத்தில் கஞ்சி வரும். வெசாக்குக்கு மகனும் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் வெளிச்சக்கூடு கட்டுவார்கள். தைப்பொங்கலுக்கு நாங்கள் வாசலில் பொங்கினோம், மதிலோரம் காற்று மறைப்புக்கு ஐயா பழைய தகரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பானை பொங்கும்வரை நின்றார். நாலாம் மாடியில் இருந்த பத்து வருடத்தில் பக்கத்துக் கதவுக்காரரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. மாமி அங்கே நாளுக்கு நாள் பேச்சுக் குறைந்து போனா. அதைக் கவனித்ததால்தான் வீடு தேடவே தொடங்கினோம்.

மாமிக்குச் சர்க்கரை, முழங்கால் நோ. படி ஏற இறங்கக் கஷ்டம். ஆனாலும் காலையில் ஐந்தரைக்குப் பல்கனியில் கதிரையைப் போட்டு இருந்து, கடலைப் பார்த்துக் காற்றைச் சொல்லுவா. "இண்டைக்குக் காத்து சுழலுது, உடுப்புப் போடாதை." இரண்டு வருடத்தில் அது பிழைத்த நாள் மிகக் குறைவு. முதல் வருடம் திசையில் தடுமாறினா. வாடையில் கடல் ஏன் சும்மா கிடக்கிறது என்று மார்கழி முழுக்க மனத்தாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தா, தெரிந்த ஒருவர் முகம் கொடுத்துப் பேசாததுபோல.

இந்த ஜனவரியில் உடன்படிக்கை முடிந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஐயாவின் மகன் வீடியோ கோலில் வந்து வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கிறிலும் வெளிக் கதவும் துருப்பிடித்துவிட்டன, பராமரிக்கவில்லை, முற்பணத்தில் 150,000 கழிக்கவேண்டும் என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. எத்தனை பேருக்கு இப்படி முற்பணம் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் உடன்படிக்கையின் அந்த வரியையும் நாற்பத்தியேழு படங்களையும் காட்டினார். பிணைச்சல்கள் எண்ணெயோடு லேசாகத் திரும்புவதை மகன் கதவைத் திறந்து மூடிக் காட்டினான். அங்கே இருந்து சத்தம் இல்லை. ஐயா தொலைபேசியை வாங்கிச் சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார். எனக்கு விளங்கியது கடைசி வார்த்தைதான், மானக்கேடு என்பதுதான் அதன் அர்த்தம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கிறிலைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத உருக்கில் தானே போடுவதாகச் சொன்னார். வாடகை 88,000 ஆனது. புறோக்கர் இல்லை, இன்னும் இரண்டு வருடம். நாங்கள் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டோம். புதுக் கிறில் போன மாதம் வந்துவிட்டது.

கீழ்வீடு சித்திரைக்குப் பிறகு காலியாகிறது. மூன்று அறை, 105,000 கேட்கிறார், நல்ல குடும்பம் என்றால் கொஞ்சம் இறங்குவார். மேற்குச் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, அந்தப் பக்கம் அலுமாரி வைக்கமுடியாது. அதைச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். தனி மீற்றர் இப்போது வந்துவிட்டது. இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஐயா நித்திரை, அந்த நேரம் மணி அடிக்கவேண்டாம். இரவில் சத்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு இந்த ஒழுங்கை சரிவராது. வயதான அம்மா அப்பாவோடு வருகிறவர்கள் என்றால், வாசலில் இன்னொரு கதிரைக்கு இடம் இருக்கிறது.